பவர் இருக்கட்டும், எடை எவ்வளவு? – வாசகர் கேள்வி பதில்

? போர்ஷே 911-லும் ஹைப்ரிட் வந்துவிட்டது. இனி அதுவும் எடை கூடி மந்தமாகிவிடுமா? – வாசகர், கோவை

பயம் நியாயமானதுதான், ஆனால் இந்தக் காரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. 2024-ல் வந்த 911 கரேரா ஜிடிஎஸ்ஸின் ஹைப்ரிட் பேட்டரி வெறும் 1.9 கிலோவாட் ஹவர், எடை 27 கிலோ. சார்ஜரில் செருகும் வேலையே இல்லை. முந்தைய ஜிடிஎஸ்ஸைவிட மொத்தத்தில் சுமார் 50 கிலோ கூடியிருக்கிறது. பவரோ 480-லிருந்து 541 பிஎஸ் ஆகியிருக்கிறது.

இதில் ரசிக்க வேண்டியது டர்போவைத்தான். இரண்டு டர்போ இருந்த இடத்தில் இப்போது ஒன்றுதான். எக்ஸாஸ்ட் சுழற்றும் டர்பைனுக்கும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் கம்ப்ரஸருக்கும் நடுவே, ஷாஃப்டிலேயே ஒரு மின்மோட்டார். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் எக்ஸாஸ்ட் அழுத்தம் ஏறும்வரை காத்திருக்காமல், மோட்டாரே கம்ப்ரஸரைச் சுழற்றிவிடுகிறது. பூஸ்ட் போதும் என்ற நிலை வந்ததும் அதே மோட்டார் ஜெனரேட்டராகி, 11 கிலோவாட் வரை மின்சாரம் எடுக்கிறது. அதனால்தான் மிஞ்சும் எக்ஸாஸ்டை வெளியே விடும் வேஸ்ட்கேட் என்ற வால்வு இதில் கிடையாது. ஏசி கம்ப்ரஸரும் மின்சாரத்தில் ஓடுவதால் பெல்ட் டிரைவ் போய்விட்டது. எஞ்சினின் உயரம் குறைய, மிச்சமான இடத்தில் இன்வெர்ட்டர் உட்கார்ந்திருக்கிறது.

எஞ்சின் 3.0 லிட்டரிலிருந்து 3.6 ஆனதற்கு மாசு விதிகள்தான் காரணம். முழு லோடில் கூடுதல் பெட்ரோலைத் தெளித்து எக்ஸாஸ்டையும் டர்போவையும் குளிர்விப்பது பழைய வழக்கம். எந்த வேகத்திலும் காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்திலேயே எரிய வேண்டும் என்றானதும் அந்த வழி அடைபட்டது. அதில் குறைகிற பவரைப் பெரிய எஞ்சின் ஈடுகட்டுகிறது. ஒரே ஒரு வருத்தம், ஜிடிஎஸ்ஸில் மேனுவல் கியர்பாக்ஸ் போய்விட்டது. காரைத் தள்ளும் இன்னொரு மோட்டாரை பிடிகே என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் வைத்துவிட்டார்கள்.

நீங்கள் சொல்லும் மந்தம் வேறு இடத்தில் இருக்கிறது. மெர்சிடிஸ்-ஏஎம்ஜி சி63-ல் வி8 எஞ்சினை எடுத்துவிட்டு, 2.0 லிட்டர் நாலு சிலிண்டரோடு 6.1 கிலோவாட் ஹவர் பேட்டரியைச் சேர்த்தார்கள். 680 பிஎஸ் வந்தது, கூடவே எடையும் 2.1 டன்னைத் தாண்டியது. புது மாடல் அறிவிப்பு வந்தால் முதலில் எடையைப் பாருங்கள், அடுத்து பேட்டரி அளவை. பவரைக் கடைசியில் பார்த்தால் போதும்.

? மாஸ்டா எம்எக்ஸ்-5 போல ஒரு டன்னில் எலெக்ட்ரிக் ஸ்போர்ட்ஸ் கார் ஏன் வரவில்லை? – வாசகர், பினாங்கு

கணக்கு இடம் கொடுக்கவில்லை. எம்எக்ஸ்-5-ன் டேங்க் 45 லிட்டர். அதை நிரப்பினால் சுமார் 34 கிலோ எடை, கிட்டத்தட்ட 400 கிலோவாட் ஹவர் ஆற்றல். முக்கால்வாசி வெப்பமாக வீணானாலும் 100 கிலோவாட் ஹவர் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். பேட்டரியில் 60 கிலோவாட் ஹவர் வேண்டுமென்றாலே இன்றைக்கு 350 கிலோவுக்குக் குறையாது. அந்த எடைக்கு ஏற்ப பிரேக், ஸ்பிரிங், டயர் எல்லாம் பெரிதாகும். அது போக, பேட்டரியைத் தரையில் பரப்பினால் சீட் உயர்ந்துவிடும், தாழ உட்கார்ந்து ஓட்டும் சுகமே போய்விடும். போர்ஷே 2021-ல் காட்டிய மிஷன் ஆர் கான்செப்டில் பேட்டரியை டிரைவருக்குப் பின்னால் அடுக்கியிருந்தார்கள். சரியான யோசனை அதுதான். அதே எடையில் அதிக மின்சாரம் வைக்கக்கூடிய சாலிட் ஸ்டேட் பேட்டரியை 2027-28-ல் காரில் வைப்பதாக டொயோட்டா சொல்லியிருக்கிறது. வந்தாலும் முதலில் விலை உயர்ந்த கார்களுக்குத்தான் போகும்.

? எலெக்ட்ரிக் காரில் போலி கியர், போலிச் சத்தம் எல்லாம் ஏமாற்று வேலைதானே? – வாசகர், மதுரை

இல்லை. ஹூண்டாய் அயோனிக் 5 என்-ல் இருக்கும் 'என் இ-ஷிஃப்ட்' என்ற போலி கியர் வசதி, மோட்டாரின் டார்க்கைக் கணநேரம் வெட்டி 8 கியர் இருப்பது போன்ற உதறலைத் தருகிறது. வளைவுக்குள் நுழையும்போது மீட்டரைப் பார்க்க நேரமிருக்காது. சத்தத்தை வைத்தே வேகத்தைக் கணிக்கலாம். பிடிக்காதவர்கள் அணைத்துவிடலாம்.

? எலெக்ட்ரிக் காரை இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டினால் பாதியில் பவர் குறையுமா? – வாசகர், சென்னை

குறையலாம். பேட்டரி சூடேறினால் கம்ப்யூட்டரே பவரை வெட்டும். சென்னை வெயிலில் அது சீக்கிரமே நடக்கும். காலையின் முதல் செஷனைக் கேட்டு வாங்குங்கள். ஃபாஸ்ட் சார்ஜரிலிருந்து எடுத்த கையோடு டிராக்கில் இறங்காதீர்கள், சார்ஜ் ஏறிய சூடு அப்படியே இருக்கும். 100 சதவீதமும் வேண்டாம். நிறைந்த பேட்டரி, வேகம் குறைக்கும்போது மோட்டார் திருப்பித் தரும் ரீஜென் மின்சாரத்தை வாங்காது, அப்போது முழு பாரமும் டிஸ்க் பிரேக் மேல்தான் விழும். 85-90 போதும்.

இரண்டு டன் காரை நிறுத்துவதில்தான் கவனம் வேண்டும். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 155-லேயே கொதிக்கலாம், பெடல் தரை வரை போய்விடும். டிராக்குக்குப் போகும் முன் புது ஆயில் மாற்றுங்கள். டயர் பிரஷரைக் குளிர்ந்த நிலையில் 3-4 பிஎஸ்ஐ குறைத்து வைத்து, சில லேப் முடித்ததும் சூட்டோடு அளந்து சரிசெய்யுங்கள். கடைசி லேப்பை பிரேக் அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள்.

? புது போர்ஷே 718-க்காகக் காத்திருக்கலாமா, அதன் முன்னோடியான பழைய பாக்ஸ்டரை வாங்கலாமா? – வாசகர், லண்டன்

பெட்ரோல் 718-ஐ ஐரோப்பாவில் நிறுத்தியது புகை விதி அல்ல, 2024 ஜூலையில் அமலான சைபர் பாதுகாப்பு விதி. எலெக்ட்ரிக் மட்டும்தான் என்றிருந்த போர்ஷே, உயர் ரக 718-களில் பெட்ரோல் எஞ்சினும் வரும் என்று 2025 செப்டம்பரில் அறிவித்தது. நல்ல செய்திதான், ஆனால் உயர் ரகம் என்றால் உயர்ந்த விலை. பட்ஜெட் சிறியதென்றால் காத்திருக்க வேண்டாம்.

பழையதில் 2009 முதல் வந்த பாக்ஸ்டரைத் தேடுங்கள். அதற்கு முந்தைய எஞ்சின்களின் தொல்லையான ஐஎம்எஸ் பேரிங் (எஞ்சினுக்குள் இடைநிலை ஷாஃப்டைத் தாங்குவது) அதில் இல்லை. 2005-க்கு முந்தையது என்றால் க்ளட்ச் மாற்றும்போதே பேரிங்கையும் மாற்றிவிடுங்கள், கியர்பாக்ஸை எப்படியும் இறக்கத்தானே வேண்டும்? 2006-08 கார்களில் பேரிங் பெரியது, எஞ்சினைப் பிரிக்காமல் கழற்ற முடியாது. எந்த வருடமானாலும் ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்து, உலோகத்தூள் மின்னினால் விட்டுவிடுங்கள். ஸ்பார்க் பிளக் துளை வழியே கேமரா விட்டு சிலிண்டர் சுவரில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முன் பம்பருக்குள் இலைச்சருகு அடைந்து ஏசி கண்டென்சர் அரித்திருக்கும், டார்ச் அடித்துப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.