பிட்டு, தேங்காய்ப்பூ, திருவலை

அன்புள்ள அக்கா,

நீங்கள் பிறந்து வளர்ந்த மட்டக்களப்புப் புளியந்தீவு ஒழுங்கையைப் பற்றிய கட்டுரையை வாசித்தேன். தமிழரும் முஸ்லிம்களும் 'பிட்டும் தேங்காய்ப்பூவும் போல' இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். மேடைகளில் இதைக் கேட்டுச் சலித்துவிட்டது. 1990இல் அந்தப் பிட்டு எங்கே போனது? என் வாப்பா சைக்கிளில் துணி கொண்டுவந்து உங்கள் பக்கத்தில் தவணைக்கு விற்றவர். அதன்பிறகு அவர் பாலத்தைக் கடக்கவே இல்லை.

ஒரு வாசகர், காத்தான்குடி

அன்புள்ள தம்பி,

நீங்கள் கேட்பது நியாயம். அந்த உவமையை யோசிக்காமல் எழுதிவிட்டேன். 1990 ஓகஸ்ட் 3இல் உங்கள் ஊர்ப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழர்கள், குழந்தைகள் உட்பட, கொல்லப்பட்டார்கள். இவற்றுக்குப் பக்கத்தில் பிட்டை வைத்துப் பேச முடியாது.

அந்த உவமையில் இன்னொரு குறையும் உண்டு. தமிழர், முஸ்லிம்கள் தவிர வேறு யாருக்கும் அதில் இடமில்லை. தேங்காய் துருவும் எங்கள் வீட்டுத் திருவலைக்கு இரும்பு நாக்கை அடித்துத் தந்தவர் ஒரு பறங்கியர், ஐரோப்பிய வழிவந்தவர். மாமா என்றுதான் அழைப்போம். வீட்டுக்குள் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழி. படலைக்கு வெளியே வந்தால் அசல் மட்டக்களப்புத் தமிழ். மட்டக்களப்புப் பறங்கியரில் தச்சரும் கொல்லரும் தையற்காரரும் நிறையப் பேர். நாக்கு மழுங்கினால் நான்தான் தூக்கிக்கொண்டு போவேன். ஒவ்வொரு பல்லாக அரத்தால் ராவுவார், பெருவிரல் நுனியால் தடவிப் பார்ப்பார், மறுபடி ராவுவார். கூலியைக் காசாக வாங்கியது குறைவு. அப்பாவுக்கு வாவியில் மீன் பட்ட நாளில் ஒரு கோர்வை அங்கே போகும். அவருடைய உறவினர்கள் பலர் டச்பாரில் இருந்தார்கள். 2004 சுனாமி அந்தக் குடியிருப்பை அழித்தபின் திராய்மடுவுக்குப் போய்விட்டார்கள்.

எங்கள் ஒழுங்கையைச் சேர்த்து வைத்திருந்தது கடன் என்றே இப்போது நினைக்கிறேன். எல்லோரும் அன்றாடம் உழைத்துச் சாப்பிட்டவர்கள். மாரியில் மூன்று நாள் மழை விடாமல் பெய்தால் அடுப்பு எரியாது. ஆளுக்கு ஆள் கொஞ்சம் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுக்க வேண்டியவர் வீட்டு வாசலைத் தலைகுனிந்து கடக்க முடியாது, நின்று இரண்டு வார்த்தை பேசத்தான் வேண்டும்.

அது கொலையைத் தடுத்ததா? தடுக்கவில்லை. சுட்டவர்கள் எங்கள் ஒழுங்கைக்காரர் இல்லை என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. அன்று எங்களில் ஒருவர்கூடக் கல்லடிப் பாலத்தைக் கடந்து உங்கள் ஊருக்குத் துக்கம் விசாரிக்க வரவில்லை. பயந்தோம். அந்தக் கட்டுரையில் நான் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான்.

அந்த வருடம் சைக்கிள்காரர் ஒருவரிடம் அம்மா சீத்தைத் துணி வாங்கியிருந்தார். நாற்பது ரூபாய் பாக்கி. அதைத் தனியாக ஒரு பேணியில் போட்டு வைத்தார். கேட்டு யாரும் வரவில்லை. அம்மா இறந்த பிறகு பேணியைத் திறந்தேன், நோட்டுகள் மடித்தபடியே இருந்தன.

உங்கள் வாப்பாவின் கணக்குக் கொப்பி இருந்தால் எடுத்துப் பாருங்கள். 1990, புளியந்தீவு, மீன்காரர் வீடு என்று எங்காவது எழுதியிருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள் தம்பி, பாலத்தைக் கடந்து நானே வருகிறேன்.