கேளுங்க அண்ணாச்சி: புது காரை நாப்பதுலயே உருட்டணுமா?

கேள்வி: அண்ணாச்சி, புதுசா பெட்ரோல் கார் எடுத்திருக்கோம், ஓடினது 140 கிலோமீட்டர்தான். எங்க மாமா அந்தக்காலத்துல அம்பாசடர் வச்சிருந்தவரு, ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் முள்ளு நாப்பதை தாண்டக்கூடாதுன்னு பக்கத்து சீட்டுல உக்காந்து மீட்டரையே பாத்துக்கிட்டு வாராரு. பையன் என்னடான்னா இப்ப வாற இன்ஜினுக்கு அதெல்லாம் வேண்டாம், நல்லா மிதிங்கங்கான். வெள்ளிக்கிழமை குடும்பத்தோட திருச்செந்தூர் போயி வண்டிக்கு பூசை போடணும். யாரு பேச்சை கேக்க?
– வாசகி, ஆலங்குளம்

பதில்: தங்கச்சி, ரெண்டு பேரு சொல்லுததும் பாதி பாதி சரி. மாமா காலத்துல புது வண்டி பின்னாடி 'ரன்னிங் இன்'னு, அதாவது புது இன்ஜினை பழக்குத வண்டின்னு, போர்டு மாட்டிக்கிட்டு மாட்டுவண்டி கணக்கா ஊர்ந்து போவாங்க, இன்ஜின் கடைசல் அப்ப அப்படி. இப்ப மிஷின்ல நுணுக்கமா கடையுதாங்க, அந்தளவு பத்தியம் வேண்டாம். ஆனா பத்தியமே வேண்டாம்னு உங்க பையன் சொல்லுததும் நடக்காது.

புது அம்மி வாங்குனா உடனே மசாலா அரைப்பீங்களா? அரிசியோ தவிடோ போட்டு ரெண்டு மூணு தடவை அரைச்சு கீழ கொட்டுவீங்கள்லா, அப்பதான கல்லும் குழவியும் படியும். பிஸ்டன் ஏறி இறங்குத சிலிண்டர் சுவத்துலயும் ஆயில் நிக்கதுக்காக குறுக்கும் நெடுக்கும் மெல்லிசா கோடு போட்டிருப்பாங்க, அந்தக் கோட்டு முனையும் பிஸ்டனை சுத்தி மாட்டிருக்க ரிங்கும் உரசி உரசி ஒண்ணுக்கொண்ணு படிஞ்சாதான் கம்ப்ரஷன், அதாவது உள்ள அமுங்குத காத்தோட அழுத்தம், கசியாம நிக்கும். இதுல மாமாவுக்கு தெரியாத சங்கதி ஒண்ணு இருக்கு, ரிங்கு தன்னோட ஸ்பிரிங் பலத்துல மட்டும் சுவத்தை அழுத்தாது, எரியுத கேஸ் பின்னால புகுந்து தள்ளுனாதான் நல்லா அழுத்தும். அதுக்கு இன்ஜின் கொஞ்சம் வேலை செய்யணும். பூ மாதிரியே ஓட்டுனா ரிங்கு படியாது, ஆயில் அந்தக் கோட்டுலயே வெந்து வார்னிஷ் அடிச்ச மாதிரி ஆயிரும், அப்புறம் ஆயில் குடிக்கும், சைலன்ஸர்ல நீலப் புகை வரும். என் பட்டறைக்கே ஒருத்தர் அப்படி கொண்டாந்தாரு, வாங்குன நாள்லேருந்து டாப் கியர்ல முப்பதுலயும் முப்பத்தஞ்சுலயும் முக்க விட்டு ஓட்டிருக்காரு, ராசா மாதிரி வச்சிருந்தேன் அண்ணாச்சின்னு பெருமை வேற.

அதுக்காக முழுசா மிதிக்கவும் கூடாது. நான் சொல்லுத கணக்கு, ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் ஆர்பிஎம் (இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுங்குத கணக்கு) 2,000லேருந்து 3,000க்குள்ள ஏறி இறங்கட்டும், 3,500 தாண்ட விடாதீங்க, ஒரே வேகத்துல ரொம்ப நேரம் பிடிக்காதீங்க, திணறுச்சுன்னா யோசிக்காம கியரை குறைங்க. வண்டியோட குடுத்த புஸ்தகத்துல வேற மாதிரி போட்டிருந்தா அதான் சட்டம், நான் இல்ல.

திருச்செந்தூருக்கு தாராளமா போங்க, பாளையங்கோட்டை தாண்டி ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, குரும்பூர்னு ஊரு ஊரா ஸ்பீட் பிரேக்கரும் ஆடுமாடும் வரும், ரெண்டாவது மூணாவது நாலாவதுன்னு கியர் மாறிக்கிட்டே இருக்கும், ரன்னிங்-இன்னுக்கு இதைவிட நல்ல ரோடு கெடையாது. நாலுவழிச் சாலைல வள்ளியூர் பக்கம் போயி எண்பதுல பிடிச்சு வச்சு ஓட்டுததுதான் இப்ப வேண்டாம், அதுலயும் ஆனி ஆடில காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழி காத்து எதுக்க அடிச்சா அதே வேகத்துக்கு இன்ஜின் இன்னும் முக்கணும். மாஞ்சோலை, காரையாறுன்னு ஆளை அடைச்சுக்கிட்டு மலை ஏறுததையும் ஆயிரம் தாண்டி வச்சுக்கிடுங்க.

எலுமிச்சம்பழத்து மேல டயரை ஏத்துத அன்னைக்கு இன்னொண்ணும் நெனப்புல வச்சுக்கிடுங்க, பிரேக் பேடும் புதுசு, டயரும் புதுசு, ரெண்டும் பிடிப்புக்கு வர முன்னூறு கிலோமீட்டராவது ஆவும், முன்னால போற பஸ்ஸை ஒட்டிக்கிட்டு போவாதீங்க. வாரம் ஒருக்கா சமதளத்துல நிறுத்தி ஆயில் கேஜை உருவி பாருங்க, ஆரம்பத்துல லேசா குறையும், அதுக்கு பயப்பட வேண்டாம்.

கேள்வி: காலைல ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் நிப்பாட்டி சூடாக்கணுமா? வண்டி வாங்கி ரெண்டு மாசத்துல 600 கிலோமீட்டர்தான் ஆச்சு, ஆயிரம் ஆன பெறவு சர்வீஸ் விட்டா போதும்லா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: பத்து நிமிஷம் எதுக்குவே, பெட்ரோல்தான் வீணு. அரை நிமிஷம் ஓட விட்டுட்டு மெதுவா கிளம்புங்க, முதல் ரெண்டு மூணு கிலோமீட்டர் மிதிக்காம போனா இன்ஜின் தானா சூடாயிரும். சும்மா நிக்க இன்ஜின்ல ரிங்கும் படியாது. சர்வீஸுக்கு கிலோமீட்டரு, மாசம், ரெண்டுல எது முந்துதோ அதான் கணக்கு. நெறைய வண்டிக்கு முதல் சர்வீஸு ஆயிரம் கிலோமீட்டர் இல்லன்னா ஒரு மாசம்னு போட்டிருக்கும், அப்படின்னா உங்களுக்கு தேதி தாண்டியாச்சு, வாரண்டி கார்டை எடுத்துக்கிட்டு நாளைக்கே போங்க. அங்க ஆயில் மாத்தலன்னா சண்டை போடாதீங்க, சில கம்பெனி முதல் சர்வீஸுல செக்கப் மட்டும்தான் பண்ணும்.