வெரிக்கோசீலுக்குச் சத்திரசிகிச்சை செய்தால் குழந்தை கிடைக்குமா?

நிலாவெளியிலிருந்து எழுதியுள்ள 32 வயது வாசகருக்குத் திருமணமாகி மூன்று ஆண்டுகளாகியும் குழந்தையில்லை. ஸ்கேனில் இடப்பக்க வெரிக்கோசீல் தெரிந்ததாம். உடனே வெட்டாவிட்டால் ஆண்மையே போய்விடும் என்று, கொழும்புக்கு ஆள் சேர்த்து அனுப்பும் ஒருவர் சொல்கிறாராம். மனைவிக்கு வயது 29.

ஆண்மை போகாது, பயப்பட வேண்டாம். விதையிலிருந்து இரத்தத்தை மேலே கொண்டுசெல்லும் நாளங்கள் வீங்குவதே வெரிக்கோசீல். ஆண்களில் ஏறத்தாழ 15 வீதமானோருக்கு இது உண்டு, அவர்களுள் பெரும்பாலானோர் பிள்ளை பெற்றவர்கள். சிலருக்கு மட்டும், தேங்கும் இரத்தத்தின் சூட்டினால் விந்தணுக்களின் எண்ணிக்கையும் ஓட்டமும் குறைகின்றன.

உங்களை நிற்கவைத்து, மூச்சை அடக்கி முக்கச் சொல்லி வைத்தியர் தொட்டுப் பார்க்கையில், ஈர வலையைச் சுருட்டிப் பிடித்ததுபோல நாளங்கள் விரலில் தட்டுப்பட வேண்டும். அத்துடன், 2 முதல் 7 நாட்கள் உறவைத் தவிர்த்துச் செய்த விந்துப் பரிசோதனை இரண்டு தடவையாவது குறைவு காட்ட வேண்டும். இவ்விரண்டும் இருந்தால்தான் சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேசலாம். ஸ்கேனில் மட்டும் தெரியும் வீக்கத்தை வெட்டிப் பயனில்லை.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். இடது விதையின் நாளம் சிறுநீரக நாளத்தில் போய்ச் சேர்வதால், சிறுநீரகத்தில் கட்டி வந்து வழியை அடைத்தாலும் இப்படி வீங்கலாம். சாதாரண வீக்கம் படுத்தவுடன் வற்றிவிடும். படுத்தும் வற்றாவிட்டால், திடீரென வந்திருந்தால், அல்லது வலப்பக்கம் மட்டும் இருந்தால், முதலில் வயிற்றை ஸ்கேன் செய்யுங்கள். இன்று படுத்துப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

"பக்கேஜ்" பேசி, குழந்தைக்கு உத்தரவாதம் தருகிறவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். நுணுக்குக்காட்டி வைத்து நாளங்களைக் கட்டும் முறையே சிறந்தது. அதிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கே விந்து முன்னேறுகிறது, அவர்கள் எல்லோருக்கும் கரு தங்குவதுமில்லை. விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் எடுப்பதால், மூன்று மாதத்துக்கு முன் பலனைச் சோதிப்பது வீண்செலவு.

மூதூரிலிருந்து என்னிடம் வந்த ஒரு பெண் இரண்டு ஆண்டுகள் மாத்திரையும் ஊசியுமாக அலைந்திருந்தார். கணவரின் விந்தைச் சோதிக்க அதுவரை எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. பெண்ணை மட்டுமே துருவும் இந்த முறைமையை என்னால் பொறுக்க முடியவில்லை. மனைவியின் முட்டை வெளியேற்றமும் கருக்குழாயும் சரியா என்று பார்க்காமல் நீங்கள் கத்திக்குப் போவதும் அதே தவறுதான். இருவரின் அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு அரச வைத்தியசாலையின் சிறுநீரக சத்திரசிகிச்சை நிபுணரிடம் போங்கள். அங்கே கட்டணமில்லை, வரிசை நீளமென்றாலும், மனைவிக்கு 29 வயதுதான் என்பதால் சில மாதங்கள் காத்திருக்க உங்களுக்கு அவகாசமுண்டு.