ப்ராப்ளம் ஓரியன்டட் போலீசிங்னா என்ன? ஊருக்குள்ள அது நிஜமாவே வேலை செய்யுமா?

கேட்டவர் பைக்க தொலைச்சிட்டு கையில சிஎஸ்ஆர் ரசீதோட, அதான் புகார் வாங்கினதுக்கு ஸ்டேஷன்ல தர்ற சீட்டோட, நிக்கிறார்னு நெனைக்கிறேன், இல்லன்னா இந்த வார்த்தையெல்லாம் யாரும் தேடி வரமாட்டாங்க. நான் 31 வருஷம் டிபார்ட்மென்ட்ல இருந்து எஸ்எஸ்ஐயா (சிறப்பு எஸ்ஐ) ரிட்டயர் ஆனவன். உடனே சாத்தான்குளத்த இழுத்துட்டு வராதீங்க, அத நான் என்னைக்கும் நியாயப்படுத்துனதில்ல, இது வேற விஷயம்.

இந்தப் பேர நான் மொதல்ல கேட்டது ஒரு ரெஃப்ரெஷர் கோர்ஸ்ல. க்ளாஸ் எடுத்தவர் போர்டுல 'சாரா'ன்னு எழுதினார், பின்னாடி பெஞ்ச்ல ஒரு ஏட்டு "சாராயமா சார்?"னார், அதோட பாதி க்ளாஸ் முடிஞ்சது. மீதி பாதியில சொன்னது இதுதான். அமெரிக்காவுல விஸ்கான்சின் யுனிவர்சிட்டில ஹெர்மன் கோல்ட்ஸ்டைன்னு ஒரு ப்ரொஃபசர், 1979ல ஒரு கட்டுரை எழுதறார். அத ஒரு பஸ் கதையோட ஆரம்பிக்கிறார். இங்கிலாந்துல ஒரு ஊர்ல ஸ்டாப்ல ஜனங்க கைய காட்டுது, பஸ் நிக்காம போகுது. புகார் போனா அதிகாரி சொல்றார், ஆளுங்கள ஏத்த நின்னா டைமிங் மெயின்டெயின் பண்ண முடியாதுங்களேன்னு. போலீஸும் அந்த பஸ் மாதிரிதான் ஓடுதுங்கறார் அவர். எத்தன கேஸ், எத்தன அரெஸ்ட், எத்தன நிமிஷத்துல போனோம், இதுலயே கண்ணு இருக்கும், ஜனங்களுக்கு இருக்கற தொந்தரவு போச்சாங்கறத மட்டும் யாரும் கேக்கமாட்டாங்க. அந்தத் தொந்தரவோட காரணத்தையே தேடித் தீர்க்கறதுதான் ப்ராப்ளம் ஓரியன்டட் போலீசிங்.

சாராங்கறது பின்னாடி வந்தது, நாலு வேலையோட இங்கிலீஷ் பேர்ல முதலெழுத்து (SARA). ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வர்றத கண்டுபிடி, ஏன் வருதுன்னு தோண்டு, அந்தக் காரணத்துக்கு ஏதாவது பண்ணு, பண்ணதுல பலன் இருந்துச்சான்னு பாரு, அவ்ளோதான். 1980கள்ல வர்ஜீனியாவுல நியூபோர்ட் நியூஸ்ங்கற கப்பல் கட்டற ஊர்ல இத முழுசா செஞ்சு பாத்திருக்காங்க. ஒரு பழைய குடியிருப்புல ஓயாத வீட்டுத் திருட்டு, போய் வீடு வீடா விசாரிச்சா கதவு ஜன்னலே சரியா சாத்தாதாம், பராமரிப்பே கிடையாது. குப்பைய அள்ளி, மராமத்து பாத்து, நகராட்சியையும் இழுத்துவிட்டதும் திருட்டு மூணுல ஒரு பங்குக்கு மேல கொறஞ்சிருக்கு.

நம்ம ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸோட இத குழப்பிக்காதீங்க. அது 1993ல ராமநாதபுரத்துல ஆரம்பிச்சது, பொதுமக்கள்ல ஆள் சேத்தது, 2020ல தடையும் பண்ணிட்டாங்க. திருச்சியில 1999ல கமிஷனரா வந்த திரிபாதி ஐயா பீட்டுக்கு, அதான் ரோந்து ஏரியாவுக்கு, நிரந்தரமா ஆள் போட்டு, தெருவுல புகார் பெட்டி வச்சாரே, அது கொஞ்சம் கிட்ட வரும்.

இப்ப என் கதை. ஊர் பேர் வேணாம். ஜிஹெச்ச ஒட்டி செவ்வாச்சந்தை நடக்கற டவுன். அஞ்சு மாசத்துல 14 பைக் போச்சு. கிரைம் பார்ட்டி ரெண்டு பசங்கள புடிச்சு, ஆறு வண்டி ரெக்கவரி காட்டி, வரிசையா நிறுத்தி பேப்பர்ல போட்டோலாம் வந்துச்சு. அடுத்த மாசமே மறுபடி மூணு வண்டி போச்சு. அப்ப ஸ்டேஷன்ல ஒரு பொண்ணு, சர்வீஸ் ரெண்டு வருஷம்தான், மாசமா இருந்ததால ரைட்டருக்கு ஒத்தாசையா உக்கார வச்சிருந்தோம். அவதான் "ஐயா, இதுல முக்காவாசி செவ்வாக்கெழமையா இருக்கே"ன்னா. நான் என்ன சொன்னேன்னா, "செவ்வாக்கெழமைன்னா கூட்டம் வரும்மா, போய் டீ சொல்லு". இத எழுதவே கூச்சமாத்தான் இருக்கு.

அவ விடல. மாச காலண்டர் தாளோட முதுகுல கோடு போட்டு, வண்டி தொலைச்ச 17 பேருக்கும் போன் அடிச்சு, எங்க நிறுத்துனீங்க, எத்தன மணிக்கு, ஏன் ஸ்டாண்டுல போடலன்னு ஒவ்வொருத்தரா கேட்டா. பதினோரு பேர் சொன்னது ஒரே எடம், மார்ச்சுவரி சந்து. ஆஸ்பத்திரி ஸ்டாண்டு காலையில ஒம்பது மணிக்கே நெறஞ்சுரும், சந்தை நாள்ல டோக்கன் தரமாட்டான், அதனால சந்தைக்கு வர்றவன், நோயாளிய பாக்க வர்றவன் எல்லாரும் சந்துல சொருகிட்டுப் போறான். ரெண்டு பக்கமும் மதில், ஒரு கடை கிடையாது, பொணத்துக்கு பயந்து ஒருத்தன் அந்தப் பக்கம் நடக்கமாட்டான். திருடனுக்கு வேற என்ன வேணும்? அதுல ஒரு பெரியவர், "என் வண்டி எந்த சாவி போட்டாலும் ஸ்டார்ட் ஆகும்மா"ன்னு பெருமையா சொன்னாராம்.

அப்ப இருந்த இன்ஸ்பெக்டர் காது குடுத்து கேக்கற மனுஷன். வியாபாரி சங்கத்துல பேசி சந்தைத் திடல்ல ஒரு ஓரத்த காலி பண்ணி செவ்வாக்கெழமைக்கு மட்டும் டோக்கன் ஸ்டாண்டு போட்டாங்க, அஞ்சு ரூபா. சந்து வாசல்ல ஆம்புலன்ஸுக்கு மட்டும் அவுக்கற மாதிரி சங்கிலி. பேங்க் வாசல்ல சும்மா தொங்கிட்டிருந்த பட்டா புத்தகத்த (ரோந்து கையெழுத்து நோட்டு) சந்துக்கு மாத்தினோம், பீட் போறவன் அங்க போய்த்தான் கையெழுத்து போடணும். அடுத்த அஞ்சு மாசத்துல மூணு வண்டிதான் போச்சு, அதுலயும் ஒண்ண மச்சானே எடுத்துட்டுப் போயிருந்தான். திருடன் பக்கத்து ஊருக்குப் போயிருப்பான்னு கமெண்ட்ல வருவீங்க, நாங்களும் அதே சந்தேகத்துல ரெண்டு ஸ்டேஷன் ரிஜிஸ்டர கேட்டு பாத்தோம், அங்க எப்பவும் போலதான் இருந்துச்சு.

இதுக்கு கெடச்ச பரிசு என்னன்னா, இன்ஸ்பெக்டர் மாத்தலாகி புதுசா வந்தவர் கிரைம் மீட்டிங் போயிட்டு வந்து, "ரெக்கவரி ஏன்யா விழுந்துருச்சு?"ன்னு எனக்கு மெமோ குடுத்தார். வண்டி தொலையலய்யா, எத ரெக்கவரி பண்றதுன்னு பதில் எழுதினேன். திமிரா எழுதறியான்னு அதுக்கு தனியா வாங்கினேன். நடக்காத திருட்ட எந்தக் கட்டத்துல எழுதறது, அதுக்கு ஃபார்ம் இல்ல.

இன்னொண்ணு, எல்லாரும் போலீஸ் யோசிக்கணும்ங்கறீங்க, யோசிக்க ஆளு தூங்கியிருக்கணும்ல? வார ஓய்வுன்னு உத்தரவு போட்டாங்க, நான் இருந்தவரைக்கும் பாதி வாரம் அது பேப்பர்லதான். என் பொண்ணு காதுகுத்துக்கு நான் இல்ல, ஒரு விஐபி போற ரோட்டுல, ரோட்டுக்கு முதுக காட்டிட்டு, ஒம்பது மணி நேரம் ஒரு வேலிய பாத்துட்டு நின்னேன். அந்த வேலியில எத்தன முள்கம்பி வரிசைன்னு இன்னும் ஞாபகம் இருக்கு, ஏழு. சரி அத விடுங்க.

நீங்க தனியாப் போய் "என் வண்டி என்னாச்சு சார்"னு நிக்காதீங்க. உங்க ஏரியாவுல வண்டி தொலைச்ச நாலு பேர சேத்து, நாள், மணி, நிறுத்துன எடம், இந்த மூணையும் ஒரே தாள்ல எழுதி இன்ஸ்பெக்டர் கையில குடுங்க. அவர் வாங்கி மேஜைக்குள்ள போட்டா, ரைட்டர் ரூம்ல சின்ன வயசுல யாராவது உக்காந்திருக்காங்களா பாத்து ஒரு காப்பிய அங்கயும் குடுத்துட்டு வாங்க.