'ஈஸி ஏ' படத்தில் ஆலிவ் ஏன் சிவப்பு 'ஏ' எழுத்தை அணிகிறாள்?

அந்த எழுத்து நத்தானியல் ஹாதார்ன் 1850-இல் எழுதிய 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலிலிருந்து வருகிறது. திருமணத்துக்கு வெளியே குழந்தை பெற்ற அதன் நாயகி ஹெஸ்டர், 'அடல்ட்ரி' (திருமணத்தை மீறிய உறவு) என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தை நெஞ்சில் சுமக்க வேண்டும் என்பது அவளுக்கு ஊர் விதித்த தண்டனை. ஆலிவின் வகுப்பில் அதுதான் பாடம்.

2010-இல் வந்த இந்தப் படத்தில் ஆலிவாக நடித்தவர் எம்மா ஸ்டோன். தோழியின் நச்சரிப்பு தாங்காமல், ஒரு பையனோடு உறவு கொண்டதாகப் பொய் சொல்கிறாள். அதை ஒருத்தி ஒட்டுக்கேட்க, பள்ளி முழுக்கப் பரவிவிடுகிறது. அப்புறம், தன்பாலீர்ப்புக்காகத் துன்புறுத்தப்படும் பிராண்டனைக் காப்பாற்ற, ஒரு பார்ட்டியில் கதவை மூடிக்கொண்டு அவனோடு உறவு கொள்வதுபோல் நடிக்கிறாள். மறுநாளே அவன் ஹீரோ, இவளுக்குக் கெட்ட பெயர். படத்தின் நையாண்டி முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரே வதந்தி பையனை உயர்த்துகிறது, பெண்ணைத் தாழ்த்துகிறது.

சரி, அவளே ஏன் அந்த எழுத்தைத் தைத்துக்கொள்கிறாள்? ஊர் ஒட்டும் முத்திரையைத் தானே எடுத்துக்கொண்டால், அது தன் கட்டுப்பாட்டில் இருக்கும் என்று நம்புகிறாள். ஹெஸ்டரும் தன் எழுத்தைத் தங்க இழைகளால் அழகாகத் தைத்தவள்தான். எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை அது. ஆனால் ஹெஸ்டருக்கு வேறு வழியில்லை, ஆலிவுக்கு இருந்தது.