குளத்துக்கும் கடலுக்கும் ஒரே கயாக் போதுமா?

கேள்வி: வள்ளியூரில் கடை நடத்துகிறேன், ஐயா. சிறுவயது முதல் குளங்களில் தூண்டில் போட்டுப் பழக்கம் உண்டு. ஏழடி ராடும் 4000 அளவு ரீலும் வைத்திருக்கிறேன். துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகான கயாக் ஒன்று வாங்கி, அக்கம்பக்கத்துக் குளங்களில் விராலும், உவரிப் பக்கம் கடலில் சீலாவும் பாரையும் பிடிக்க வேண்டும் என்று ஆசை. ஞாயிற்றுக்கிழமை மட்டுமே ஓய்வு. என் எடை 85 கிலோ. கிணற்றில் நன்றாக நீந்துவேன். காற்றடைத்துப் பயன்படுத்தும் கயாக் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கலாமா? இரண்டு நீருக்கும் ஒன்றே போதுமா? வேறென்ன சாமான்கள் தேவைப்படும்?

பதில்: இரண்டு நீருக்கும் ஒரே கயாக் போதும், ஆனால் அது நீங்கள் பார்த்து வைத்திருக்கும் காற்றடைக்கும் கயாக் அல்ல. குளத்தில் கயாக் என்பது மீன் இருக்கும் இடத்தை நெருங்குவதற்கான வசதி. கடலிலோ, உங்களைக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டிய ஒரே பொருள் அதுதான் என்பதால், கடலுக்கு ஏற்றதை வாங்கிக் குளத்திலும் பயன்படுத்துவதே முறை.

காற்றடைக்கும் வகையை விலக்கச் சொல்வதற்குக் கடல் மட்டும் காரணமல்ல. நம் பகுதிக் குளங்கள் பலவற்றில் நீர்ப்பிடிப்புக்குள்ளேயே கருவேல மரங்கள் நிற்கின்றன. விரால் ஒதுங்குவதும் பெரும்பாலும் அந்த நிழலில்தான். முறிந்து நீருக்கடியில் கிடக்கும் முள்கிளை ஒன்று போதும், நடுக்குளத்தில் காற்று இறங்கிவிடும். கடலில், எடை குறைந்து நீருக்கு மேலே உயர்ந்து மிதக்கும் அந்த அமைப்பைக் காற்று எளிதாகத் தள்ளிக்கொண்டு போகும்.

கெட்டியான பாலிஎத்திலீன் கயாக்குகளில், உடலின் கீழ்ப்பாதி உள்ளே இருக்கும்படி உட்காரும் வகை ஒன்று, மேல்தளத்தில் உட்காரும் சிட்-ஆன்-டாப் வகை மற்றொன்று. முதல் வகை கவிழ்ந்தால் உள்ளே நீர் நிறைந்துவிடும். அதை இறைத்து மீண்டும் ஏறுவது தனியாள் வேலையல்ல. இரண்டாம் வகை மூடிய கூடு. மேலே விழும் அலைநீர் தளத்தில் உள்ள துளைகள் வழியாகத் தானே வடிந்துவிடும். உவரிக் கடற்கரையில் கட்டுமரம் எந்தத் தத்துவத்தில் மிதக்கிறதோ அதே தத்துவம்தான் இது. எனவே சிட்-ஆன்-டாப் வகையையே வாங்குங்கள்.

நீளம் 12 அடி, அகலம் 31 முதல் 33 அங்குலம் என்பது உங்கள் தேவைக்கு ஏற்ற அளவு. பத்தடிக் கயாக் கருவேல மரங்களுக்கிடையே எளிதாகத் திரும்பும் என்றாலும், கடலில் நேர்கோட்டில் செல்லாமல் ஒவ்வொரு துடுப்பு வீச்சுக்கும் தலையாட்டும். உங்கள் எடையோடு தூண்டில் சாமான், தண்ணீர், மீன் வைக்கும் பை எல்லாம் சேர்ந்து 105 கிலோ வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் குறிப்பிடும் சுமை அளவில் மூன்றில் இரண்டு பங்குக்குள் இருப்பது நல்லது. அதன்படி 160 கிலோவுக்குக் குறையாத சுமைத்திறன் உள்ளதைத் தேடுங்கள். இத்தகைய கயாக் 30 கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதால், மணலில் புதையாத அகன்ற சக்கரங்கள் கொண்ட தள்ளுவண்டி ஒன்றும் தேவைப்படும். மிதித்து ஓட்டும் பெடல் வகை கைகளுக்கு விடுதலை தரும் என்பது உண்மைதான். ஆயினும் ஆகாயத்தாமரையும் பாசியும் மண்டிய குளத்தில் அதன் இறக்கைகள் சிக்கிக்கொள்ளும், அலை உடையும் ஆழமற்ற கரையோரத்தில் அது தரைதட்டும். 240 சென்டிமீட்டர் நீளமுள்ள நல்ல துடுப்புக்குச் செலவழியுங்கள்.

இனி குளம். பெரும்பாலான குளங்களில் மீன்பாசி குத்தகை, அதாவது மீன்பிடி உரிமைக்கான குத்தகை உண்டு. குத்தகைதாரரிடம் கேட்காமல் இறங்கினால் அது திருட்டாகவே கொள்ளப்படும். நீர் வற்றத் தொடங்கியதும் அவர் வலை இறக்குவார் என்பதால், வடகிழக்குப் பருவமழையில் குளம் பெருகிய பிறகு, மார்கழி முதல் மாசி வரையிலான நாட்களில் அவரைப் பார்த்துப் பேசுவது பயன் தரும். 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கூந்தன்குளத்தையும், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் அமைந்த காரையாறு, சேர்வலாறு அணைகளையும் உங்கள் பட்டியலிலிருந்து இப்போதே அடித்துவிடுங்கள்.

விராலுக்கு உங்களிடம் இருக்கும் ராடும் ரீலும் போதும். 30 பவுண்டு தாங்கும் பிரெய்டு எனும் பின்னல் தூண்டில் நரம்பும், முள் வெளியே தெரியாத, உள்ளே கூடான தவளை லூரும் (தவளை வடிவச் செயற்கை இரை) வாங்கினால் சரி. விரால் காற்றைச் சுவாசிக்க மேலே வரும் மீன். அது வந்துபோகும் சிறு வளையத்தைப் பார்த்துவிட்டு, அந்த வளையத்தின் மேலேயே எறியாமல் அதைத் தாண்டி எறிந்து, பாசியின் மேல் தவளையை நிறுத்தி நிறுத்தி இழுத்து வாருங்கள். அடித்த கணத்தில் வெட்டி இழுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு; நரம்பு இறுகும் வரை ஒரு நொடி பொறுத்தால் முள் வாய்க்குள் சரியாக ஏறும். நீர்ப்பரப்பில் செந்நிறக் குஞ்சுகள் பந்தாகத் திரண்டு நகர்வதைக் கண்டால், அதன் கீழே காவல் நிற்கும் தாயையும் தந்தையையும் விட்டுவிடுங்கள். அவை வெறியோடு அடிக்கும் என்பது தெரிந்தே சிலர் அங்கே லூர் போடுகிறார்கள். பிடிபடுவது ஒரு மீன், அழிவது ஒரு கூட்டம்.

குளத்தில் நங்கூரத்தைவிட நீண்ட மூங்கில் கம்பே மேல். சேற்றில் ஊன்றி, இருக்கைக்குப் பின்னால் கயிற்றால் கட்டிக்கொண்டால் ஓசையில்லாமல் நிற்கலாம். மடை திறந்திருக்கும்போது அதன் அருகே போகக் கூடாது; குளம் நிரம்பி மறுகால் பாயும் நாட்களில் அந்தப் பக்கமே வேண்டாம். தாமிரபரணியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அணைக்கட்டுக்குக் கீழே விழும் நீர் சுழன்று திரும்பி, அங்கே சிக்கிய படகை மறுபடியும் சுவரை நோக்கியே இழுக்கும். ஆற்றில் கசம் எனும் ஆழமான இடம் பார்த்து மீன்பிடிப்பதானால் அணைக்கட்டுக்கு மேலும் கீழும் வெகுதூரம் தள்ளியே இருங்கள்.

கடல் விஷயத்தில் அலைக்கு முன்பாகக் காற்றைப் பேச வேண்டும். கூட்டப்புளியிலிருந்து உவரி வரை நம் கரை தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடுகிறது; கடல் தென்கிழக்கே இருக்கிறது. ஆனி முதல் புரட்டாசி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து, பணகுடிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் கச்சான் எனும் மேல்காற்று, இந்தக் கரையை அடையும்போது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அதனால் கரையோர நீர் சில நாட்களில் தட்டையாக, அழைப்பது போலத் தெரியும். ஆனால் ஒரு கிலோமீட்டர் உள்ளே போனவர் திரும்பும்போதுதான் அந்தக் காற்றை முகத்தில் வாங்குவார். தொடர்ந்து துடுப்புப் போடும் ஒருவரின் வேகம் மணிக்கு 4 முதல் 5 கிலோமீட்டர். எதிர்க்காற்று 25 கிலோமீட்டரைத் தொடும்போது அதில் பாதிகூட மிஞ்சாது. மீன் பிடிக்க ராடைக் கையில் எடுத்தால் அந்தப் பாதியும் இல்லை. ஆகவே அந்த மாதங்களில் நீங்கள் கயாக்கோடு கடலுக்குப் போகவே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. வாடைக்காற்றுக் காலத்தில் ஆபத்து வேறு விதம். அப்போது கரையில் அலை பெரிதாக உடையும்.

மாசி, பங்குனி மாத விடியற்காலைகள் உங்களுக்கு ஏற்றவை. சித்திரை, வைகாசியில் காற்றே இல்லாமல் கடல் திடீரென்று பொங்குவதுண்டு. தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலில் எழும் புயல்களின் பேரலைகள் இங்கே வந்து சேர்வதால் உண்டாகும் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. அதில் அலையின் உயரத்தோடு, அலைகளுக்கிடையேயான கால இடைவெளியையும் பாருங்கள். உயரம் குறைவாக இருந்தாலும் இடைவெளி நீண்ட அலை, கரையில் உடையும்போது எதிர்பாராத பலத்தோடு விழும். மன்னார் வளைகுடாவில் ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் அதைப் பெரிதாகக் கணக்கிட வேண்டியதில்லை.

அலையைக் கடக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை முடிந்துவிடும். தூண்டில் வளைவு எனும் கல் தடுப்பைக் கடலுக்குள் போட்டிருக்கும் ஊர்களில் அதன் மறைவில் இறங்குங்கள். கல்லை ஒட்டிச் செல்லாதீர்கள். ராடுகளைக் கட்டி, எல்லாவற்றையும் மூடி, கரையில் நின்று அலைகள் கூட்டமாக வந்து ஓய்வதைச் சில முறை பார்த்த பிறகே கயாக்கை நேராக அலைக்கு எதிரே திருப்ப வேண்டும். திரும்பி வரும்போது, அலை உடையும் இடத்துக்கு வெளியே காத்திருந்து, பெரிய அலை ஒன்று கடந்ததும் அதன் முதுகைத் தொடர்ந்து வாருங்கள். கயாக் பக்கவாட்டில் திரும்பிவிட்டால் அலை வரும் பக்கம் சாயுங்கள்; விழுந்தாலும் கடல் பக்கமாக விழ வேண்டும். கயாக்குக்கும் கரைக்கும் நடுவே அகப்பட்டவரை அது எலும்பு முறிய அடிக்கும்.

உவரி, இடிந்தகரை, கூத்தங்குழி போன்ற ஊர்களில் இறங்குவதற்கு முன் ஊர்க் கமிட்டியைக் கேளுங்கள். கடலடியில் பார் எனும் பாறைத்திட்டு எங்கே இருக்கிறது, இன்று நீவாடு எனும் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, வலைகள் எங்கே விரிக்கப்பட்டுள்ளன என்பதை அங்குள்ளவர்களைத் தவிர வேறு எவராலும் சொல்ல இயலாது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் முன்கடல் பாதுகாக்கப்பட்ட பகுதி. பார் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அங்கே நெருங்கக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்கானது. துடுப்புப் படகுகளைக் கட்டுப்படுத்தாது.

சீலாவுக்கும் ஊளிக்கும் நரம்பை அறுக்கும் பற்கள் உண்டு. நரம்பின் முனையில் லீடராக ஒரு சாண் கம்பி இல்லாமல் லூர் போடுவது லூரைத் தானம் செய்வதாகும். 5000 அளவு ரீல் ஒன்று கூடுதலாக வாங்கினால் நல்லது. உப்புநீர் பட்ட ரீலை வீட்டுக்கு வந்ததும் நன்னீரில் கழுவி நிழலில் வையுங்கள். பாரின் விளிம்பை ஒட்டி, இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் நீந்தும் மீன் வடிவ லூரை நரம்பில் விட்டுத் துடுப்புப் போட்டுக்கொண்டே போவது, தனியாளுக்கு எளிதும் பலன் மிக்கதுமான முறை. லூரில் வரும் மும்முனை முட்களைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டுங்கள். மடிமேல் மீன் துள்ளும்போது மும்முனை முள் யாரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

பெரிய மீன் மாட்டியதும் கரையில் நின்று போராடிய பழக்கத்தை மறக்க வேண்டும். மீன் இழுக்கும்போது கயாக்கே நகர்கிறது. அதுவே ஒரு தடை போலச் செயல்பட்டு மீனைக் களைப்பாக்கும். ஆகவே ரீலிலிருந்து நரம்பு உருவுவதைக் கட்டுப்படுத்தும் டிராக்கை நரம்பின் தாங்குதிறனில் கால் பங்குக்கு மேல் இறுக்காதீர்கள். 30 பவுண்டு நரம்புக்கு அது ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. முக்கியமான விதி, நரம்பு எப்போதும் முன்மூக்கின் பக்கமாகவே போக வேண்டும் என்பது. மீன் பக்கவாட்டில் ஓடினால் ராடின் நுனியை முன்பக்கம் கொண்டுவாருங்கள். கயாக் தானே அந்தத் திசைக்குத் திரும்பிக்கொள்ளும். நரம்பு குறுக்கே நிற்க, நீங்களும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் கவிழ்வது உறுதி. நங்கூரத்துக்கும் இதே விதிதான்: கடலில் நடுப்பக்கத்தில் கட்டாமல் முன்முனையிலோ பின்முனையிலோ கட்டி, ஒரே இழுப்பில் அவிழும்படி வைத்திருங்கள். திருக்கை மாட்டினால் மேலே ஏற்றாமல் நரம்பை அறுத்துவிடுங்கள். இதற்காக மார்புப் பக்கம் சிறு கத்தி ஒன்று இருக்கட்டும்.

கிணற்று நீச்சல் நல்ல அடிப்படைதான், ஆனால் மிதவைச் சட்டைக்கு மாற்றாகாது. அதைக் குளத்திலும் கழற்றக் கூடாது. விசில், உறையிட்ட கைபேசி, துடுப்பைக் கயாக்கோடு இணைக்கும் கயிறு ஆகியவை எப்போதும் உடன் இருக்க வேண்டும். கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல்துறையின் 1093 ஆகிய எண்களைக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். முதல் பருவம் முழுவதும் குளத்திலேயே, சாமான்களை இறக்கிவைத்துவிட்டு, வேண்டுமென்றே கவிழ்த்து ஏறிப் பழகுங்கள். அடிப்பக்கம் மேலாகக் கிடக்கும் கயாக்கின் குறுக்கே கைநீட்டி மறுவிளிம்பைப் பிடித்து, பின்னால் சாய்ந்து புரட்ட வேண்டும். பிறகு கால்களை நீர்மட்டத்துக்கு உயர்த்தி உதைத்து, வயிற்றால் தளத்தின் மேல் ஏறி, புரண்டு உட்கார வேண்டும். ஆழமான நீரில் மூச்சு வாங்காமல் இதைச் செய்ய முடிந்த பிறகே உவரியை நினையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி: நம் கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களில் அன்று தொழிலுக்குப் போவதில்லை. நீங்கள் கவிழ்ந்தால் பார்த்துவிட்டு வரக்கூடிய ஒரு படகும் அன்று கடலில் இராது. ஆகவே ஞாயிறு குளத்துக்கு இருக்கட்டும். கடலுக்கு, காற்றில்லாத வேறொரு கிழமையில், உள்ளூர் நண்பர் ஒருவர் துணையோடு விடியுமுன் கிளம்புங்கள். முக்கால் மணி நேரத்தில் கரைக்குப் போய், எட்டு மணிக்குள் மேலேறிவிட்டால், வெயிலும் காற்றும் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும். பத்து மணிக்குக் கடையும் திறக்கலாம்.