15,000 டாலருக்குப் பழைய கன்வர்ட்டிபிள்: எஞ்சினைக் கடைசியாகப் பாருங்கள்

கேள்வி: அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலம் ட்ராய் நகரில் வசிக்கிறேன். வார இறுதிகளில் மனைவி, பிள்ளைகளுடன் (வயது 9, 6) கூரையைத் திறந்துவிட்டு ஓட்ட, 1960களின் அமெரிக்க கன்வர்ட்டிபிள் ஒன்று வாங்க ஆசை. பட்ஜெட் 15,000 டாலர். ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது போன்ற வேலைகளை நானே செய்வேன். பக்கத்து ஊரில் 1966 மஸ்டாங் வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) கன்வர்ட்டிபிள் ஒன்று, சிவப்பு நிறம், பளபளவென்று இருக்கிறது. 15,500 சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: நல்ல ஆசை. ஆனால் அந்த மஸ்டாங்குக்கு இப்போதே முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். 1966 வி8 கன்வர்ட்டிபிள் மஸ்டாங் நல்ல நிலையில் இந்த விலைக்கு வருவது அரிது. விலை குறைவாக இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். மிச்சிகனில் அந்தக் காரணம் பெரும்பாலும் துருதான். குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அறுபது வருடக் காரின் அடித்தகட்டை என்ன செய்திருக்கும் என்பது மேலே அடித்த பெயின்ட்டில் தெரியாது.

கன்வர்ட்டிபிளில் துரு மற்ற கார்களைவிட ஏன் பெரிய பிரச்சினை? மூடியை எடுத்துவிட்ட செருப்புப் பெட்டியை இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள், புரிந்துவிடும். கூரை இல்லாததால் காரின் பலம் முழுவதும் தரைத்தகட்டிலும், கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் ராக்கர் பேனலிலும் இருக்கிறது. மஸ்டாங்குக்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியே சேசிஸ். அதனால் அதைச் செய்த ஃபோர்டு நிறுவனம் கன்வர்ட்டிபிளுக்கு மட்டும் ராக்கருக்குள் கூடுதல் தகடு வைத்து, முன் சீட்டுக்கடியிலும் பலப்படுத்தியது. அந்தத் தகடுகள் அரித்துப்போனால் கார் நடுவில் தொய்ந்துவிடும். வெட்டி வெல்டிங் செய்து சரிக்கட்ட, காரின் விலைக்கு நிகராக இன்னொரு தொகை ஆகலாம். எஞ்சின் அப்படியில்லை. அந்தக் காலத்து அமெரிக்க எஞ்சின்களுக்கு உதிரிபாகம் இன்றும் மலிவு, கழற்றி மாட்டத் தெரிந்தவர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

அதனால் அந்தச் சிவப்புக் காரைப் பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், மெல்லிய துணியில் சுற்றிய காந்தம், ஒரு ஜக் தண்ணீர், ஒரு ஜாக்கி கொண்டுபோங்கள். முதலில் கூரையை மடக்கிவிட்டுக் கதவுகளை மூடுங்கள். கதவின் பின்விளிம்புக்கும் அதையடுத்த தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் கார் தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் முன்பக்க சட்டத்தடியில் ஜாக்கி வைத்துச் சற்றே தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடித்தாலோ இறுகினாலோ மேற்கொண்டு பேரம் பேச வேண்டாம், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். ராக்கர் மீதும் பின் சக்கர வளைவு மீதும் காந்தத்தை நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் டிங்கரிங் வேலைக்குப் பதிலாகப் பட்டி போட்டு மூடியிருக்கிறார்கள்.

தண்ணீர் எதற்கென்றால், அந்தக் கால மஸ்டாங்கில் ஒரு பேர்போன பலவீனம் உண்டு. முன் கண்ணாடிக்குக் கீழே, காற்று உள்ளே வரும் ஜன்னல் போன்ற துளைகள் இருக்கும். அவற்றுக்குள் இலைதழை விழுந்து ஈரம் தங்கி உள்தகடு ஓட்டை விழும். பிறகு மழைநீர் நேராக முன்பக்கத் தரைவிரிப்பில் இறங்கும். விற்பவரிடம் சொல்லிவிட்டு, அந்தத் துளைகளில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். மனைவியை டேஷ்போர்டுக்கடியில் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சொட்டினால், அதைச் சரிசெய்ய முன்பக்கத்தில் ஏராளமான ஸ்பாட் வெல்டுகளை (தகடுகளை ஒட்டவைத்த பற்றுப்புள்ளிகளை)த் துளைத்தெடுத்து மேல்தகட்டையே கழற்ற வேண்டும். சனி ஞாயிறில் முடிகிற வேலையில்லை.

இன்னொன்று, டிரைவர் பக்கம் பானெட்டுக்குள் முத்திரையிட்ட வின் எண்ணை, அதாவது காரின் அடையாள எண்ணைப் பாருங்கள். மூன்றாம், நான்காம் இடத்தில் 08 இருந்தால்தான் அது பிறவியிலேயே கன்வர்ட்டிபிள். 07 என்றால் சாதாரணக் கூரை வைத்த கார், யாரோ மேலே அறுத்திருக்கிறார்கள். அடுத்த எழுத்து சி, ஏ, கே என்பவற்றில் ஒன்றாக இருந்தால்தான் தொழிற்சாலையிலேயே 289 கன அங்குல வி8 பொருத்திய கார். அந்த எண் டைட்டிலில் (காரின் உரிமைப் பத்திரத்தில்) உள்ளதோடு ஒரு இலக்கம் பிசகாமல் பொருந்த வேண்டும். 17 இலக்க வின் 1981 மாடலிலிருந்துதான் வந்தது. எனவே வழக்கமான ஆன்லைன் வரலாற்று அறிக்கைகள் இந்தக் காருக்கு உதவாது, டைட்டில்தான் உங்களுக்கு ஆதாரம்.

சரி, மஸ்டாங் இல்லையென்றால் வேறென்ன? உங்கள் இடத்தில் நானிருந்தால் 1963 முதல் 1966 வரையிலான டாட்ஜ் டார்ட் ஜிடி அல்லது பிளிமத் வேலியன்ட் கன்வர்ட்டிபிளைத் தேடுவேன். பெயருக்கு விலை கொடுக்க வேண்டியிராது. உள்ளே பெரும்பாலும் இருப்பது ஸ்லான்ட் சிக்ஸ் என்னும் ஆறு சிலிண்டர் எஞ்சின், 30 டிகிரி சாய்த்து வைத்தது. 225 கன அங்குலம், அதாவது 3.7 லிட்டர் கொண்டதைப் பாருங்கள். அமெரிக்காவில் செய்த எஞ்சின்களில் இதைவிட உழைத்தது ஒன்றைச் சொல்வது கடினம். ஒற்றை கார்புரேட்டர், சுற்றிலும் கை நுழையத் தாராளமான இடம். வால்வு இடைவெளியை மட்டும் அவ்வப்போது நீங்களே வைக்க வேண்டும்: எஞ்சின் சூடாக இருக்கும்போது உள்வால்வுக்கு 0.010, வெளிவால்வுக்கு 0.020 அங்குலம். ஆயில் மாற்றத் தெரிந்த உங்களுக்கு ஒரு மாலையில் பழகிவிடும். டக்டக்கென்று தட்டுகிற சத்தம் கேட்டு எஞ்சின் போய்விட்டது என்று பயந்து மலிவாக விற்பவர்களும் உண்டு. அந்தச் சத்தம் பல நேரங்களில் இந்த இடைவெளிதான். டயர் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை: டாட்ஜ், பிளிமத் உள்ளிட்ட அக்காலத்து கிரைஸ்லர் நிறுவனக் கார்களில் இடது பக்கச் சக்கர நட்டுகள் எதிர்த்திசையில் திருகுபவை. தெரியாமல் பலம் கொடுத்து போல்ட்டை முறித்தவர்கள் நிறையப் பேர்.

இரண்டாவது விருப்பம் செவ்ரலே கோர்வேர். பின்னால் எஞ்சின், காற்றால் குளிரும் அலுமினிய ஆறு சிலிண்டர், ரேடியேட்டரே கிடையாது. நுகர்வோர் உரிமைக்காகப் போராடிய வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் 1965இல் எழுதிய புத்தகத்தால் பெயர் கெட்டது. அவர் சாடியது முக்கியமாக 1960 முதல் 1963 வரையிலான பின் சஸ்பென்ஷனை. 1965 மாடலில் அதை அடியோடு மாற்றிவிட்டார்கள். 1972இல் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பே, பழைய மாடல்கூட அக்காலத்து மற்ற கார்களைவிட மோசமில்லை என்றது. பழைய அவப்பெயரால் விலை இன்றும் அடங்கியே இருக்கிறது. 1965 முதல் வந்த கோர்வேரின் மான்ஸா வகை கன்வர்ட்டிபிள் பார்க்கவும் அழகு, ஓட்டவும் இனிமை. வால்வுகளை இயக்கும் தண்டுகள் ஓடும் புஷ்ராட் குழாய்களின் ஓ-ரிங்குகள் (ரப்பர் வளையங்கள்) வெப்பத்தில் காய்ந்து ஆயில் கசிவது இதன் வழக்கமான நோய். வெப்பம் தாங்கும் விட்டான் ரப்பரில் வரும் ஓ-ரிங்குகளைப் போட்டால் தீரும். டயர் காற்றில் அலட்சியம் கூடாது. முன்னால் குறைவாகவும் பின்னால் அதிகமாகவும், கம்பெனி சொன்ன அளவிலேயே வைக்க வேண்டும்.

உங்கள் பட்ஜெட்டில் 1970களின் கப்பல் போன்ற பெரிய கார்களும் கண்ணில் படும். 1976 கேடிலாக் எல்டொராடோ, ‘கடைசி அமெரிக்க கன்வர்ட்டிபிள்’ என்று விளம்பரம் செய்து விற்றது. சுமார் 14,000 கார்கள். பிற்காலத்தில் விலை ஏறும் என்று வாங்கி ஓட்டாமலே மூடிவைத்தவர்கள் பலர். 1984இல் கேடிலாக்கே மறுபடி கன்வர்ட்டிபிள் கொண்டுவந்தது, எதிர்பார்த்த விலை ஏறவில்லை. எனவே குறைந்த மைல் ஓடிய கார் கிடைக்கும், ஆனால் ரப்பரும் சீலும் காய்ந்திருக்கும். 8.2 லிட்டர் எஞ்சின் பெட்ரோலை எப்படிக் குடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கேடிலாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் 1971 முதல் 1976 வரையிலான பெரிய கார்களில் கூரை உள்நோக்கி மடங்கும் கத்தரி போன்ற அமைப்பு. பழுதானால் ஆளும் பாகமும் தேடி அலைய வேண்டும். முதல் பழைய காருக்கு இது வேண்டாம்.

எந்தக் காரானாலும் கூரையைத் திறந்து மூடிய பிறகு பின் சீட்டுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், மோட்டாரில் மடங்கும் கூரையானால் ஹைட்ராலிக் பம்ப்பும் குழாய்களும் பெரும்பாலும் அங்கேதான். பிசுபிசுப்பு இருந்தால் கசிவு. கூரை மடங்கி விழும் பள்ளத்திலும் டிக்கித் தரையிலும் தண்ணீர் தேங்கிய தடம் தேடுங்கள். கூரைத்துணி கிழிந்திருப்பது மட்டும் பெரிய குறையல்ல. துணியின் விலையைவிட மாட்டும் கூலிதான் அதிகம், அதை வைத்து விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

இனி பிள்ளைகள். இதை நான் மென்று விழுங்க விரும்பவில்லை. இந்தக் கார்களில் பின் சீட்டுக்குத் தோள் பெல்ட் கிடையாது, இடுப்பு பெல்ட்டே சிலவற்றில் இருக்காது. மிச்சிகன் சட்டப்படி 8 வயதோ 4 அடி 9 அங்குல உயரமோ எட்டும்வரை குழந்தை இருக்கை வேண்டும். பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் சீட் தோள் பெல்ட் இல்லாமல் பயன்படாது. உங்கள் 6 வயதுப் பிள்ளைக்கு, இடுப்பு பெல்ட்டால் பொருத்தலாம் என்று கையேட்டிலேயே எழுதியிருக்கும் ஐந்துமுனை ஹார்னஸ் (பிள்ளையை ஐந்து இடத்தில் பிடிக்கும் பட்டை) கொண்ட இருக்கை வாங்குங்கள். பெல்ட்டின் நங்கூரம் துருப்பிடிக்காத நல்ல தகட்டில் இருக்க வேண்டும். மூத்த பிள்ளைக்குத் தோள் பெல்ட் பொருத்தித் தருவதில் அனுபவமுள்ள பட்டறையைக் கேட்டுப்பாருங்கள். அதுவரை நால்வரும் ஹைவே ஏற வேண்டாம்.

பிரேக்கில் கை வைக்காமல் காரை எடுத்துவராதீர்கள். அமெரிக்கக் கார்களில் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர், அதாவது முன் பின் சக்கரங்களுக்குத் தனித்தனியாக பிரேக் திரவத்தை அழுத்தும் அமைப்பு, பரவலானது 1967 மாடலிலிருந்துதான். அதற்கு முந்தைய காரில் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். இரட்டைச் சுற்றுக்கு மாற்றும் பொருட்கள் இந்த மூன்று கார்களுக்குமே கிடைக்கின்றன. பட்ஜெட்டில் 2,000 டாலரையாவது இதற்கும் டயர், எரிபொருள் ஹோஸ்களுக்கும் ஒதுக்குங்கள். பெட்ரோலில் கலந்த எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை அரித்துவிடும், அதை உடனே மாற்றியாக வேண்டும். ஆக, காருக்குக் கொடுக்கும் தொகை 13,000க்குள் இருக்கட்டும்.

நம்பர் பிளேட் எடுக்கும்போது மலிவு என்று மிச்சிகனின் வரலாற்று வாகன பிளேட்டுக்குப் போகாதீர்கள். கிளப் நிகழ்ச்சி, அணிவகுப்பு, கண்காட்சி போன்றவற்றுக்குத்தான் அது. ஆகஸ்ட் மாதம் மட்டும் இஷ்டம்போல் ஓட்டலாம். ஆகஸ்டின் மூன்றாம் சனிக்கிழமை உங்கள் ஊர்ப் பக்கமே நடக்கும் உட்வர்ட் ட்ரீம் குரூஸ் என்னும் பழைய கார் ஊர்வலத்துக்கு அது போதும், மற்ற வார இறுதிகளுக்குப் போதாது. வழக்கமான பிளேட் எடுங்கள். இன்ஷூரன்ஸ் மட்டும் பழைய கார்களுக்கென்று இருக்கும் நிறுவனத்தில், ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ முறையில் போடுங்கள். விபத்தில் கார் போனால் எழுதிய தொகை அப்படியே வரும். அன்றாட ஓட்டத்துக்கு வேறு கார் இருப்பதைக் கேட்பார்கள், உங்களுக்கு அது சிரமமில்லை.

அக்டோபர் வரை பொறுக்க முடிந்தால் பொறுங்கள். குளிருக்கு இடம் தேட மனமில்லாதவர்கள் அப்போதுதான் விலை இறங்கி வருவார்கள். அதற்குள் அந்தச் சிவப்பு மஸ்டாங்கையும் ஒரு முறை தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள். கதவிடைவெளியும் சரியாக இருந்து, தரைவிரிப்பும் நனையாவிட்டால், 13,000க்குக் கேட்டுப்பாருங்கள்.